பம்பைமடுவா, ஹோமாகமவா? முகாமைத்துவப் பட்டத்துக்கான தெரிவுகள்

வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டு பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக்காகக் காத்திருக்கும் வன்னி மாணவர்களின் வீடுகளில், அரச பல்கலைக்கழகத்தோடு கட்டணம் அறவிடும் பல்கலைக்கழகங்களும் இப்போது பேச்சில் அடிபடுகின்றன. கட்டணத்தை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிடுபவர்கள் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகம், 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கி 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. அதன் வணிகக் கற்கைகள் பீடத்திலுள்ள செயற்றிட்ட முகாமைத்துவப் படிப்பு, மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வீதி, வீடு, குளம் என்று செயற்றிட்டங்களாலேயே மீண்டெழுந்த வன்னிக்கு நன்றாகவே பொருந்துகிறது. கற்பித்தலுக்குக் கட்டணமில்லை, தகுதியுள்ளோருக்கு மகாபொல புலமைப்பரிசில் உதவியும் கிடைக்கும். அனுமதியில் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு மேலாக, பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீடும் வன்னியின் நான்கு மாவட்டங்களுக்கும் உண்டு.

1999இல் உருவான, கொழும்புக்கு அருகே மாலபேயிலுள்ள எஸ்.எல்.ஐ.ஐ.ரி.யும் (இலங்கைத் தகவல் தொழில்நுட்ப நிறுவகம்), ஹோமாகம பிட்டிபனயிலுள்ள என்.எஸ்.பி.எம். பசுமைப் பல்கலைக்கழகமும் கட்டணம் அறவிடும் மறுபக்கத்தில் நிற்கின்றன. (பின்னது தனியார் என்று பேசப்பட்டாலும் அரசுக்கு உரியது, கட்டணம் அறவிடுவதே அப்படிப் பேசக் காரணம்.) கொழும்பு நிறுவனங்களில் உள்ளகப் பயிற்சி பெறும் வாய்ப்பும், நாள்தோறும் ஆங்கிலம் புழங்கும் சூழலும் இவற்றின் மெய்யான பலம். ஆனால் முல்லைத்தீவிலிருந்து செல்பவருக்கு அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து ஆகியவை இரண்டாவது கட்டணம் போலவே சேரும். 2017இல் தொடங்கிய வட்டியற்ற மாணவர் கடன் திட்டத்தில் வட்டியை அரசு ஏற்கிறது. கடனாகப் பெற்ற முதல்தொகையை மாணவரே திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதைப் பிணை நிற்பவர்கள் முன்கூட்டியே விளங்கிக்கொள்வது நல்லது.

பட்டத்தை வழங்குவது யார் என்பதையும் கேட்க வேண்டும். ஒரே வளாகத்தில் உள்நாட்டுப் பட்டமும், இங்கிலாந்தின் பிளிமத் போன்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டமும் கற்பிக்கப்படலாம். அரச வேலையை நாடுபவர், தான் சேரவிருக்கும் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

திறந்த பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவப் பட்டம், வேலை செய்துகொண்டே படிக்க விரும்புவோருக்கு உரியது. செலவு குறைவு, காலம் நீளக்கூடும்.

பம்பைமடுவில் இடம் கிடைத்தவர் அதை விட்டுக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை என்பதே என் கருத்து. அங்கு குறைகின்ற ஆங்கிலப் பழக்கத்தையும் தொழில் தொடர்பையும், பட்டயக் கணக்காளர் பரீட்சைகளைக் கூடவே எழுதி ஓரளவு ஈடுசெய்யலாம். இடம் கிடைக்காதவர், தங்குமிடச் செலவைத் தாங்கக் குடும்பத்துக்கு நிலையான வருமானம் இருந்தால் மட்டுமே மாலபேயையோ பிட்டிபனயையோ நினைக்கலாம்.