உணவக ஃபிராஞ்சைஸும் அரசு உத்தரவாதக் கடனும்: 42,500 டாலரை இழந்த பின் எழுதுகிறேன்

நேற்று மாலைதான் அந்த மின்னஞ்சல் வந்தது. கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தர ஒப்பந்தத்தில் இடமில்லையாம். ஒரு உணவக நிறுவனத்தின் பெயரில் கடை நடத்தும் உரிமைக்கான ஃபிராஞ்சைஸ் கட்டணம் 35,000 டாலர், கடன் ஏற்பாட்டுக்கென்று ஆலோசகர் வாங்கிக்கொண்ட 7,500 டாலர், ஆக மொத்தம் 42,500 டாலர் போய்விட்டது. அமெரிக்காவில் நானும் என் மனைவியும் ஒன்பது ஆண்டுகள் சேர்த்த பணம் அது.

இடைநின்று ஃபிராஞ்சைஸ் விற்றுக்கொடுக்கும் ஆலோசனை நிறுவனம் ஒன்று. பெயரை வெளியிட வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து வந்தவர் தமிழர். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "அண்ணா, இது எஸ்.பி.ஏ. கடன். முக்கால் பங்குக்கு அரசாங்கமே பொறுப்பு. வங்கி எப்படி மறுக்கும்?" என்றார். எஸ்.பி.ஏ. என்பது சிறுதொழில்களுக்கான அமெரிக்க அரசு அமைப்பு. அது தரும் உத்தரவாதம் வங்கிக்கே தவிர எனக்கில்லை என்பதை அவர் சொல்லவில்லை. எஸ்.பி.ஏ.வின் முதன்மைக் கடன் திட்டமான செவன்-ஏயில் 1,50,000 டாலருக்கு மேற்பட்ட கடனை வாங்கியவர் கட்டத் தவறினால், எஸ்.பி.ஏ. வழக்கமாக 75 சதவீதம் வரை வங்கிக்கு ஈடுசெய்யும். ஆனால் கடன் கொடுப்பதா வேண்டாமா என்று எடைபோடுவது வங்கிதான். 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர் கடனுக்குத் தாமே சொந்தப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடவும் வேண்டும்.

என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியாதது ஃபிராஞ்சைஸ் ஆவணம் கைக்கு வந்தது என்று நான் கையெழுத்திட்ட அந்த ரசீதுத் தாள். கையெழுத்திடுவதற்கோ பணம் கட்டுவதற்கோ குறைந்தது 14 நாள் முன்பாக கட்டணம் முதலிய விவரங்களை நிறுவனம் எழுதித் தரும் ஃபிராஞ்சைஸ் வெளிப்படுத்தல் ஆவணம் நம் கையில் இருக்க வேண்டும் என்பது வணிக ஏமாற்றுகளைத் தடுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி. எனக்கு அது மூன்று நாள் முன்புதான் வந்தது. "சலுகை இந்த வாரத்தோடு முடிகிறது, ரசீதில் மட்டும் இரண்டு வாரத்துக்கு முந்தைய தேதியைப் போடுங்கள் அண்ணா" என்றார். நம் வீட்டில் கை நனைத்தவர் கெடுதல் செய்யமாட்டார் என்று நம்பிப் போட்டேன். இன்று அதே தாளைத்தான் எனக்கு எதிராகக் காட்டுகிறார்கள்.

தொழில் திட்டத்தில் எழுதிய விற்பனைக் கணக்குக்கு ஆதாரம் எங்கே என்று வங்கி கேட்டது. வெளிப்படுத்தல் ஆவணத்தின் 19-ஆம் பிரிவில் விற்பனை விவரம் எதுவுமே இல்லை. கணக்கெல்லாம் ஆலோசகர் தாமாகப் போட்டது. கடன் மறுக்கப்பட்டது. வேறு வங்கி பார்க்கிறேன் என்றார், மேலாளர் ஊரில் இல்லை என்றார், பிறகு தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். ஃபிராஞ்சைஸ் நிறுவனத்தைக் கேட்டால் ஆலோசகரிடம் பேசச் சொல்கிறது. கடைசியாகப் பிடித்தபோது, தாம் அறிமுகம் செய்து வைத்தவர் மட்டுமே என்கிறார் அவர். எங்கள் 42,500 டாலருக்குப் பொறுப்பேற்க ஒருவருமில்லை.

விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. வங்கி எழுத்தில் ஒப்புதல் தரும் முன் ஃபிராஞ்சைஸ் கட்டணத்தைக் கட்டாதீர்கள். பணம் திரும்புமா என்பதை வெளிப்படுத்தல் ஆவணத்தின் 5-ஆம் பிரிவில் பாருங்கள். அதன் 20-ஆம் பிரிவில் இருக்கும் பழைய உரிமையாளர்களை நீங்களே அழைத்துப் பேசுங்கள். எந்தத் தாளிலும் பொய்த் தேதி போடாதீர்கள். கடனுக்காக ஆலோசகர் வாங்கும் கட்டணத்தைத் தெரிவிக்க எஸ்.பி.ஏ.வின் படிவம் 159 இருக்கிறது. அதைப் பற்றி அவரிடமே கேளுங்கள். என்னிடம் 7,500 டாலர் வாங்கியவர் அதன் பெயரைக்கூடச் சொன்னதில்லை.