பெரியவர்களை அக்கம்பக்கத்தோடு இணைக்க வாட்ஸ்ஆப்: ஒரு மதிப்பீடு

தொலைவில் இருக்கும் பிள்ளைகளோடும் பேரக்குழந்தைகளோடும் முகம் பார்த்துப் பேசுவதற்காகவே பல பெரியவர்களின் கைபேசிக்கு வாட்ஸ்ஆப் முதலில் வந்து சேர்கிறது. அந்தப் பயனைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அதே செயலியைக் கொண்டு, தெருவில் தனியாக வாழும் ஒரு முதியவரை அக்கம்பக்கத்தாரோடு பழக வைக்க முடியுமா என்பதைத்தான் இங்கே பார்க்கிறேன். திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் ஓடி வரக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர்தான் என்பதால் இந்தக் கேள்வியை முக்கியமானதாகக் கருதுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்பு ஆணையம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையுணர்வால் வாடுவதாகவும், முதியவர்களில் மூன்றில் ஒருவர் வரை பிறரோடு போதிய தொடர்பின்றி வாழ்வதாகவும் கூறுகிறது. எனவே, செயலியில் தொடங்கும் பேச்சு நேரில் சந்திப்பதில் போய் முடிகிறதா என்ற ஒரே அளவுகோலை வைத்தே இதன் வசதிகளை எடைபோடுகிறேன்.

அந்த அளவுகோலில் முதலிடம் குரல் பதிவுக்குத்தான். 2013இலேயே வந்துவிட்ட வசதி என்றாலும், கண்பார்வை மங்கியவருக்கும் விரல் மூட்டுகளில் வலி உள்ளவருக்கும் இதற்கு ஈடாக வேறொன்று இந்தச் செயலியில் இல்லை. சிறிய எழுத்துப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி ஒரு வரியை அடித்து முடிப்பதற்குள் சொல்ல வந்ததே மறந்துபோகும். பேசுவதற்கோ யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பதிவு செய்யும் முறையில் ஒரு சிக்கல் உண்டு. மைக் குறியை அழுத்திப் பிடித்தபடியே பேச வேண்டும். விரலை எடுத்த உடனே பதிவு போய்விடும். விரல் இடப்பக்கமாக நழுவினால் பேசியது அத்தனையும் அழிந்துவிடும். கைநடுக்கம் உள்ளவர்களுக்கு இது பெரிய தடை. அழுத்திய விரலை அப்படியே மேல்நோக்கித் தள்ளினால் பூட்டுக் குறி விழும். அதன்பின் கையை எடுத்துவிட்டு, வேண்டிய அளவு நிதானமாகப் பேசி, கடைசியில் அனுப்பும் குறியைத் தொட்டால் போதும். பெரியவர் ஒருவருக்கு வாட்ஸ்ஆப் சொல்லித்தர உட்காருபவர், வேறு எதற்கும் முன்னால் இந்த ஒன்றைப் பலமுறை செய்துபார்க்கச் சொல்ல வேண்டும் என்பேன். கேட்கும் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது. பதிவை ஒன்றரை மடங்கு, இரு மடங்கு வேகத்தில் ஓடவிட வழி வைத்தவர்கள், காது மந்தமானவர்களுக்காக மெதுவாக ஓடவிடவும் ஒரு வழி வைத்திருக்கலாம்.

குரலில் இன்னொரு நன்மையும் அடங்கியிருக்கிறது. "நலமாக இருக்கிறேன்" என்று எழுதி அனுப்பினால் அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அதையே மூச்சு வாங்க, தொண்டை கம்மச் சொல்லிக் கேட்டால், அடுத்த வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

குழுவின் அளவைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமைகிறது. ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம் என்பதால், குடியிருப்பு முழுவதையும் ஒரே குழுவில் சேர்த்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தண்ணீர் நிறுத்தம், மின்தடை போன்ற அறிவிப்புகளுக்கு அது போதும். முதியவர்களுக்கு அது உதவாது. காலை வணக்கப் படங்களும் ஃபார்வர்ட் செய்திகளும் வந்து குவியும் இடத்தில், "என்னுடைய மாத்திரை தீர்ந்துவிட்டது, மருந்துக் கடைப் பக்கம் யாராவது போகிறீர்களா?" என்ற மெல்லிய குரல் சில நிமிடங்களில் மேலே ஏறி மறைந்துவிடும். இரண்டு மூன்று முறை பதில் கிடைக்காவிட்டால் அந்தப் பெரியவர் மறுபடியும் கேட்கவே மாட்டார். ஆகவே, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கும் எட்டுப் பத்து வீடுகளுக்கு மட்டும் தனியாக ஒரு குழு தொடங்கி, ஃபார்வர்ட் செய்திகளை அதில் அறவே தவிர்ப்பதுதான் சரியான வழி. அட்மின் பொறுப்பு இருவரிடமாவது இருக்கட்டும். ஒருவர் ஊருக்குப் போனாலும் குழு கவனிப்பாரின்றிக் கிடக்காது.

அப்படிப்பட்ட சிறு குழுவில் பெரிதும் பயன்படும் இரண்டு வசதிகளைப் பலர் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. குழு குரல் அரட்டை யாருடைய கைபேசியையும் அலற வைக்காது. விருப்பமுள்ளவர் உள்ளே வந்து பேசலாம், களைத்தால் விலகிவிடலாம். தூக்கம் வராத மாலை நேரத்தைப் பேசிக் கழிக்க விரும்புபவருக்கு, யாரையும் தொந்தரவு செய்கிறோமோ என்ற கூச்சம் இதனால் இல்லாமல் போகிறது. மற்றொன்று, நிகழ்வு உருவாக்கும் வசதி. பூங்கா நடை, கண் பரிசோதனை முகாம் என எதுவானாலும் நாளும் நேரமும் இடமும் குறித்துவைத்தால், வருகிறேன் என்று சொன்னவர்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும். நம்மோடு யார் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு வீட்டைவிட்டுக் கிளம்பும் தைரியம் தானாக வந்துவிடும்.

பாதுகாப்பில் சற்றும் அசட்டை கூடாது. குழுவில் சேர்ந்தாலே கைபேசி எண் மற்ற உறுப்பினர்களின் கண்ணில் படும். எனவே முதல் நாளே மூன்று காரியங்களைச் செய்துகொடுக்க வேண்டும்: குழுக்களில் தம்மைச் சேர்க்கும் உரிமையைத் தெரிந்த எண்களுக்கு மட்டும் என்று மாற்றுவது, அறியாத எண்களிலிருந்து வரும் அழைப்புகளை ஒலிக்காமல் அடக்கிவைப்பது, வேறொருவர் நம் கணக்கைத் திறந்துவிடாமல் காக்கும் இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணைப் போட்டுவைப்பது. வாட்ஸ்ஆப் கணக்கைத் திறப்பதற்காகக் குறுஞ்செய்தியில் வரும் எண்ணை, அட்மினே கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்ல வேண்டும்.

வேறு கருவிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நார்வே நிறுவனமான நோ ஐசொலேஷனின் கோம்ப் என்ற காணொளி அழைப்புக் கருவி, ஒரே ஒரு திருகு குமிழுடன் பழைய தொலைக்காட்சிப் பெட்டிபோல் இருப்பதால், கைபேசியே பிடிக்காத முதியவருக்குக்கூடப் பழகிவிடும். ஆனால் அது குடும்பத்தாரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. 2011இல் அமெரிக்காவில் தொடங்கிய நெக்ஸ்ட்டோர் அக்கம்பக்கத்துக்கென்றே அமைந்த சமூக வலைத்தளம். முகவரியைச் சரிபார்த்துச் சேர்ப்பது அதன் பலம். அங்கே எழுதவும் படிக்கவும் வேண்டியது அதிகம், கிடைப்பதும் சில நாடுகளில் மட்டுமே. ஏற்கெனவே கையில் இருப்பது, பேசினாலே போதும் என்ற இரண்டு காரணங்களால் வாட்ஸ்ஆப்பையே பரிந்துரைக்கிறேன்.

பொத்தான் கைபேசி மட்டும் வைத்திருப்பவர்களும், நினைவு தளர்ந்தவர்களும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், குழுவில் பேசி முடிவான விஷயத்தை அவருக்கு அன்றன்று சாதாரண அழைப்பிலோ நேரிலோ சொல்வதற்கு ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்துவிட வேண்டும். "யாராவது சொல்லிவிடுங்கள்" என்று பொதுவாக விட்டால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.