தேன் கலந்த நீர்வர்ணமும் யாழ்ப்பாணத்து மாரியும்

பாரிசிலிருந்து சித்தி வருகிறா, நீர்வர்ணம் எது சொல்லிவிடலாம் என்று மருதனார்மடத்தில் சித்திரம் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. மாணவர் தரத்துக்கும் ஓவியர் தரத்துக்கும் என்ன வித்தியாசம், கொட்டன் பேப்பர் ஏன் வேண்டும் என்பதெல்லாம் அவவுக்குத் தெரியும். அதனால் அந்தக் கதைக்குள் போகவில்லை. கடையிலும் வீடியோக்களிலும் யாரும் எங்களுக்காகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்தக் காற்றில் ஒரு வர்ணம் காயுமா, காய்ந்தால் திரும்பக் கரையுமா என்பதுதான் அது.

ரியூப்பின் பின்பக்கம் இருக்கும் எண்ணைப் பாருங்கள். உள்ளே இருப்பது எந்த நிறத்தூள் என்று அதுதான் சொல்லும். பி.பி. 29 (PB 29) என்றால் அல்ட்ராமரைன் நீலம். வின்சர் அன் நியூட்டன், டானியல் சிமித், ஷ்மிங்கே, செனெலியே என்ற நான்கு கம்பனிக்காரருமே அந்தத் தூளில்தான் அல்ட்ராமரைன் செய்கிறார்கள். ஒருவருடையது கொஞ்சம் ஊதாப் பக்கம் சாயும், இன்னொருவருடையது கொஞ்சம் பச்சைப் பக்கம். அந்த அளவு வித்தியாசத்தைக் கலவைத் தட்டில் சரிக்கட்டி விடலாம். சரிக்கட்ட முடியாதது, தூளைப் பிடித்து வைத்திருக்கும் பசை. அரபிக் பிசின்தான் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. பிரான்சின் செனெலியேயும் அமெரிக்காவின் எம். கிரகாமும் அதோடு தேனும் சேர்க்கிறார்கள். தேன் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஐரோப்பாவின் வறண்ட அறைகளில் அது பெரிய வசதி. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அது பெரிய தலையிடி.

விளக்கமாகச் சொல்கிறேன். பான் என்பது வர்ணத்தை ஊற்றிக் காயவைக்கிற சின்னத் தொட்டி. 5 மில்லி ரியூப் ஒன்றால் அரை அளவுப் பான்கள் இரண்டு, இரண்டரையை நிரப்பலாம். வழமையான முறை, மூன்று தடவையாக ஊற்றி ஒவ்வொரு படையையும் ஒரு நாள் காயவிட்டு அடுத்ததை ஊற்றுவது. தேன் இல்லாத வர்ணம் இப்படி ஊற்றினால் மாரியிலும் சில நாளில் இறுகிவிடும். தேன் வர்ணத்தில் மேலே மெல்லிய தோல் மட்டும் பிடிக்கும், உள்ளே பாகு பாகாகவே கிடக்கும். பெட்டியை மூடிப் பையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு பண்ணைப் பாலத்தடிக்குப் போய்த் திறந்தால், மஞ்சள் வழிந்து பக்கத்து நீலத்துக்குள் இறங்கியிருக்கும். மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலிலும் சட்டையிலும் கூட ஒட்டும். ப்தலோ பச்சை சட்டையில் பட்டால் அந்தச் சட்டையை மறந்துவிடலாம்.

பிறகு எறும்பு. தேன் என்று சொன்னாலே போதும், சின்னக் கறுத்த எறும்பு வரிசை கட்டும். ஓரத்தை அரித்துவிடும், அதில் சில வர்ணத்துக்குள் அமிழ்ந்து செத்தும் கிடக்கும். சீனிப் போத்தலைத் தண்ணித் தட்டுக்குள் வைக்கிற குசினி முறைதான் இதற்கும் சரி. ஆனால் தண்ணித் தட்டுக்கு மேல் வைத்தால் ஈரம் இன்னும் கூடும், வர்ணம் இன்னும் இளகும். ஒன்றைத் தடுத்தால் மற்றது வருகிறது. இவ்வளவு காசு கொடுத்து வாங்கின சாமானுக்கு இந்தப் பாடு பட வேண்டியிருப்பது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிற விஷயம்.

ஈரப் பெட்டியை மூடி வைத்தால் பூஞ்சணம் வரும். இது தேன் வர்ணத்துக்கு மட்டும் உரியதல்ல, பிசின் உள்ள எதிலும் வரும். வேலை முடிந்ததும் பானுக்கு மேல் நிற்கும் தண்ணியைத் துணி நுனியால் ஒற்றி எடுங்கள். மின்விசிறிக்குக் கீழே திறந்தபடி காயவைத்து, அதன் பிறகுதான் மூட வேண்டும். புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகளை எறியாமல் இரண்டை உள்ளே போட்டு வையுங்கள். பூஞ்சணம் வந்துவிட்டால் அந்த மேல்படையைச் சுரண்டி எறிந்துவிட்டு, ஒரு சொட்டுக் கராம்பெண்ணெயைப் பஞ்சில் எடுத்துப் பெட்டியின் உலோகத்தில் பூசிவிடலாம்.

ஆனால் வைகாசிக்குப் பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பினதும் எல்லாம் தலைகீழாகும். தேன் இல்லாத பான்கள் சுருங்கி வெடித்துக் கட்டி கட்டியாகக் கழன்று விழத் தொடங்கும். விரிடியன் என்ற பச்சை, பி.ஜி. 18, இதில் மோசம்; கல்லாகிப் போனால் தூரிகை மயிர்தான் தேயும், நிறம் வராது. (கழன்ற துண்டை எறியாதீர்கள். பானின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணி விட்டு, துண்டை அழுத்தி வைத்தால் பிடித்துக்கொள்ளும். ஒரு பொட்டுக் கிளிசரின் தடவினால் அடுத்த தடவை வெடிப்பது குறையும்.) அதே நேரம் மாரி முழுவதும் வழிந்து தொல்லை கொடுத்த தேன் வர்ணம் அந்தக் காற்றில் அளவாக இறுகி நிற்கும். ஈரத் தூரிகையை ஒருக்கால் தொட்டாலே முழு அடர்த்தியில் நிறம் ஏறும். முனியப்பர் கோயில் பக்கம், கோட்டை மதிலுக்கு வெளியே, பேப்பர் காய்வதற்குள் வானத்தை முடிக்க வேண்டிய இடத்தில் இந்தக் குணத்துக்கு விலை இல்லை. தேய்த்துத் தேய்த்து நிறம் எடுக்கிற அந்தச் சில விநாடிகளுக்குள் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். தேன் வர்ணத்தில் அந்தக் கோடு விழுவதில்லை.

தண்ணியைப் பற்றிச் சொல்லாமல் இங்கே எந்த ஒப்பீடும் சரிவராது. குடாநாடு சுண்ணாம்புக் கல்லுக்கு மேல் இருக்கிறது. கேத்திலுக்குள் படியும் வெள்ளைதான் கிணத்துத் தண்ணியில் கரைந்திருக்கிற சுண்ணாம்பு. அதே தண்ணியில் வர்ணம் கரைத்தால் அந்தச் சுண்ணாம்பு தூளைத் திரளச் செய்யும். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் இரண்டு இடத்தில் ஒரே அளவு அல்ட்ராமரைன் வைத்து, ஒன்றில் கிணத்துத் தண்ணியும் மற்றதில் வடிகட்டின தண்ணியும் ஒரு கரண்டி வீதம் விட்டுக் கலக்கிக் காயவிடுங்கள். கிணத்துத் தண்ணிப் பக்கம் நீலம் மணல் மணலாகப் பிரிந்து, விளிம்பில் சாம்பல் பூத்த ஒரு வளையம் தெரியும். மற்றப் பக்கம் தட்டையாக, ஆழமாகக் காயும். ப்தலோ நீலத்தில் இது இவ்வளவு தெரியாது. அடர்ந்த கறுப்புப் பூச்சில் நன்றாகத் தெரியும். ஒரு கம்பனியின் நீலம் மங்கலாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஆர்.ஓ. தண்ணி போதும். முதல் மழைகள் கூரையைக் கழுவின பிறகு பிடித்த மழைத்தண்ணி என்றால் இன்னும் நல்லது.

அடுத்தது செம்பாட்டு மண். உரும்பிராய், சுன்னாகம் தோட்டங்களைப் படமாகக் கீறுகிறவர்களுக்கு இதுதான் உயிர் நிறம். எல்லாப் பெட்டியிலும் பேர்ன்ற் சியன்னா என்று ஒன்று இருக்கும். ஆனால் வின்சர் அன் நியூட்டனில் அது பி.ஆர். 101, டானியல் சிமித்தில் பி.பிஆர். 7. முதலாவது தெளிவான செம்மஞ்சள், அல்ட்ராமரைனுடன் கலந்தால் சுத்தமான சாம்பல் தரும். மேகத்துக்கும் பனை அடிமரத்துக்கும் அதை விட நல்லது கிடையாது. இரண்டாவது மண் மணலாகப் படியும், கபில நிறம் கூட. கொத்திப் புரட்டி, வெயிலில் மேல் காய்ந்து அடி ஈரமாக இருக்கும் தோட்ட மண்ணுக்கு இது அப்படியே பொருந்தும். கிணத்துத் தண்ணியின் குறை குறையாக இல்லாமல் உதவியாக வருகிற ஒரே இடமும் இதுதான்: அந்தத் திரட்சி மண்ணின் சொரசொரப்பைக் கூட்டிக் காட்டும். இரண்டையும் வாங்குங்கள், மண் நிறங்கள்தான் விலைப் பட்டியலில் கீழ் வரிசை.

வெளிறுவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அலிசரின் கிரிம்சன் பி.ஆர். 83, ஒப்பெரா ரோஸ் என்ற பளபளக்கும் இளஞ்சிவப்பு, ஓரியோலின் பி.வை. 40 மூன்றையும் விற்கப்போகும் படத்தில் போடாதீர்கள். எந்தப் பெரிய பெயர் அச்சடித்திருந்தாலும் சரி. நிறம் பூசின ஒரு துண்டுப் பேப்பரில் பாதியைக் கறுத்த மட்டையால் மூடி யன்னலில் ஒட்டி வைத்தால் எங்கட வெயில் ஒரு கோடையில் தீர்ப்புச் சொல்லிவிடும். சிவப்புக்குப் பி.வி. 19, மஞ்சளுக்குப் பி.வை. 150 அல்லது 154 போதும். பனையோலையின் அந்தச் சாம்பல் பச்சை, பி.வை. 150உம் அல்ட்ராமரைனும் ஒரு துளி பேர்ன்ற் சியன்னாவும் சேர்ந்தால் வரும். ரியூப் பச்சையில் அது வராது.

மற்றவற்றில், ஷ்மிங்கேயின் ஹொராடம் பான்கள் நான்கு தடவை ஊற்றிக் காயவைத்துச் செய்யப்படுபவை. மாரி, கோடை இரண்டையும் சண்டையில்லாமல் தாங்கும், விலைதான் கூட. ஹொல்பைன் கம்பனியின் வர்ணத்தில், நிறத்தைப் பரவ வைக்கிற மாட்டுப் பித்தம் சேர்ப்பதில்லை, அதனால் ஈரப் பேப்பரில் வைத்த இடத்திலேயே நிற்கும். கோபுரத்து வரிகளைக் கட்டுப்பாடாகப் போட நினைப்பவருக்கு அது பிடிக்கும், வானம் போடுகிறவருக்குப் பிடிக்காது. டானியல் சிமித்தின் கல்தூள் நிறங்கள் அழகு, ஆனால் அவற்றுக்கு முன் வாங்க வேண்டியவை பல இருக்கின்றன.

இவ்வளவு திட்டின பிறகும், பாரிசிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் நான் சொல்லிவிடுவது செனெலியேதான். காய்ந்த மற்றப் பான்களைத் தேய்த்துக் களைத்தவருக்கு அது விளங்கும். சித்தியிடம் நிறத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், எண்ணை எழுதிக் கொடுங்கள்: பி.பி. 29, பி.வை. 150 அல்லது 154, பி.வி. 19. மூன்றும் 10 மில்லி ரியூப்பாக. பான் பெட்டி வேண்டாம். மண் நிறங்களை வேறு கம்பனியில் எடுக்கலாம். புரட்டாசி முடிய பானில் ஊற்றுவதை நிறுத்துங்கள். தை வரைக்கும் ரியூப்பிலிருந்து பயறளவு பிதுக்கி அன்றன்றைக்குப் பாவித்து, மூடியின் புரியைத் துடைத்து இறுக்கிப் பூட்டி, ரியூப்புகளை மூடி உள்ள பிஸ்கற் ரின்னுக்குள் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். புரியில் வர்ணம் காய்ந்து மூடி இறுகிவிட்டால் குறடு வேண்டாம். சுடுதண்ணியில் மூடியை மட்டும் கொஞ்ச நேரம் அமிழ்த்திப் பிடித்தால் கழரும்.