துவைக்காத துணியைக் கேட்டு வாங்குங்கள்: சேலத்தில் தத்துப் பிள்ளையோடு முதல் வாரங்கள்

தத்தெடுக்க வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் காகித வேலையை நினைத்தே பயப்படுகிறார்கள். அது நடந்துவிடும். தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் (CARA) தடையில்லாச் சான்று வந்துவிட்டால், தத்து ஆணைக்கு முன்பே இந்தியாவுக்குள் பிள்ளையைத் தற்காலிகமாக நம் கையில் கொடுக்க விதிகளில் இடம் இருக்கிறது. ஆணை, பாஸ்போர்ட், விசா எல்லாம் வரிசையாக வந்து சேரும். அதுவரை பிள்ளையோடு சேலத்தில் காத்திருக்கும் வாரங்களைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும். அந்த வாரங்களில் எங்களை அதிகம் வாட்டியது ஒரு போர்வை.

காப்பகத்தில் ஒப்படைப்பு நாளை ஒரு விசேஷமாகவே செய்தார்கள். புதுச் சட்டை, நெற்றியில் பொட்டு, கன்னத்தில் திருஷ்டி மை, கேக், போட்டோ. பிள்ளை படுத்திருந்த பழைய போர்வையையும் கொடுத்தார்கள். ஆனால் டெட்டாலில் அலசி, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டுப் பாலிதீன் கவரில் மடித்து வைத்திருந்தார்கள். துவைக்காமல் வேண்டும் என்று முன்பே மின்னஞ்சலில் எழுதியிருந்தும் இதுதான் நடந்தது. கேட்டதற்கு ஆயாம்மா சொன்ன பதில்: "அழுக்குத் துணியோட அனுப்புனா எங்களை என்னங்க நெனைப்பீங்க?" அந்த மரியாதைக்கு முன்னால் கோபப்பட முடியவில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை.

பிள்ளைக்கு அன்று முகம், குரல், அறை, தண்ணீர் எல்லாமே மாறுகின்றன. மாறாமல் கூட வரக்கூடியது வாசனை ஒன்றுதான். அதையும் சோப்புப் போட்டு எடுத்துவிட்டால் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் ஒப்பந்த வழியில் தத்தெடுக்கும் அமெரிக்கப் பெற்றோருக்கு 10 மணி நேரப் பயிற்சி கட்டாயம். எங்கள் பயிற்சியில் துவைக்காத துணியைப் பற்றித் தனியாகவே பேசினார்கள். வளர்க்க முடியாத பிள்ளையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுச்செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கிய ஊர் சேலம். பிள்ளையை ஏந்திக்கொள்வதில் இத்தனை வருடப் பழக்கம் உள்ள ஊர், அனுப்பி வைப்பதிலும் துவைக்காத துணி கொடுப்பதை ஒரு முறையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் மின்னஞ்சலோடு நிறுத்தாதீர்கள். ஒரு வாரம் முன்பே இரண்டு பழைய காட்டன் துண்டுகளை நேரில் கொண்டுபோய், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவின் கையிலேயே கொடுங்கள். ஒன்று தினமும் பிள்ளைக்கு அடியில் விரிக்க, இன்னொன்று அவர் தோளில் போட்டுக்கொள்ள. வாங்கியதும் ஒன்றை ஜிப் கவரில் காற்றுப் புகாமல் மூடி விமானத்துக்கு எடுத்து வையுங்கள். மற்றதைப் பிள்ளையைத் தூக்கும்போது உங்கள் தோளில் போடுங்கள், பழைய வாசனையோடு உங்கள் வாசனையும் கலக்கும். எந்தத் தேங்காய் எண்ணெய், எந்த சோப்பு, எந்தப் பவுடர் என்று கேட்டு அதையே வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த வாசனையில்லாத பேபி வாஷ் பெட்டியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது பால் பாட்டில். ஒரே ஆயா பல பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் இடங்களில், சீக்கிரம் முடியட்டும் என்று நிப்பிள் ஓட்டையைச் சூடான ஊசியால் பெரிதாக்கியிருப்பார்கள். வெளிநாட்டு பாட்டிலில் சொட்டுச் சொட்டாக வரும்போது பிள்ளை கடிக்கும், முகத்தைத் திருப்பும், அலறும். நம்மைப் பிடிக்கவில்லை என்று தாய்மார்கள் கலங்கிப் போகிறார்கள். காரணம் ஓட்டைதான். காப்பகத்தில் பயன்படுத்தும் அதே நிப்பிளைக் கேட்டு வாங்கி, புரையேறாமல் பார்த்துக்கொண்டு, மெல்ல மெல்லச் சின்ன ஓட்டைக்கு மாற்றுங்கள். படுக்கவைத்து பாட்டிலை முட்டுக்கொடுத்துப் பழகிய பிள்ளை மடியில் விறைத்துக்கொள்ளும். முதலில் முதுகு நம் மார்பில் சாய்கிற மாதிரி உட்காரவைத்துக் கொடுங்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நம் பக்கம் திருப்பினால் முகம் பார்க்கத் தொடங்கும்.

பால்பவுடரை அமெரிக்கா திரும்பும்வரை மாற்றவே வேண்டாம். இங்குள்ள டப்பாக்களில் பொதுவாக 30 மி.லி. தண்ணீருக்கு ஒரு மட்ட ஸ்கூப், அமெரிக்க டப்பாக்களில் பெரும்பாலும் 60 மி.லி.க்கு ஒன்று. அங்குள்ள பழக்கத்தில் இங்குள்ள பவுடரைக் கரைத்தால் பால் பாதிக்குப் பாதி நீர்த்துப்போகும். தலைகீழாகச் செய்தால் இரட்டிப்புக் கெட்டியாகி, மலச்சிக்கலும் உடம்பில் நீர் வற்றுவதும் வரும். டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் படித்து, அந்த டப்பாவின் ஸ்கூப்பையே பயன்படுத்துங்கள்.

ஹோட்டலில் ஷவரைத் திறந்தாலே பிள்ளை நடுங்கும். ரிசப்ஷனில் பக்கெட்டும் மக்கும் கேளுங்கள், சேலத்தில் இதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. நம் பாட்டிகள் செய்த மாதிரி காலை நீட்டி, பிள்ளையைக் காலில் போட்டு ஊற்றினால் அடங்கிவிடும். இரவில் ஒரு சின்ன விளக்கும் ஃபேன் சத்தமும் இருக்கட்டும். பலரோடு ஒரே ஹாலில் தூங்கிய பிள்ளைக்கு இருட்டும் அமைதியும் புதுசு.

உறவினர்தான் பெரிய சோதனை. அன்பாகத்தான் வருகிறார்கள், கைமாற்றிக் கைமாற்றித் தூக்குகிறார்கள். பிள்ளை எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே போனால் "என்ன சமத்து!" என்கிறார்கள். பல கைகளில் வளர்ந்த பிள்ளை யாரிடமும் போகும். அழாமல் கிடப்பதும், அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று கற்றுக்கொண்டதாலாக இருக்கலாம். அதனால் முதல் வாரங்களில் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அம்மா அப்பா இருவர் கையால் மட்டுமே. சின்ன முனகலுக்கும் எழுந்து போக வேண்டும். அமெரிக்காவில் கதவைச் சாத்திக்கொள்ளலாம், இங்கே முடியாது. ஆனால் "பிள்ளை பெத்த வீடு மாதிரி நெனைச்சுக்கங்க அத்தை, ஒரு மாசம் போகட்டும்" என்று சொன்னால் உடனே புரிகிறது. வருகிறவர்களிடம் சமையலையும் துணி துவைப்பதையும் கொடுங்கள். சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட் வாங்கிவரச் சொன்னால் சந்தோஷமாகவே போவார்கள்.

எல்லோரும் சொல்லும் இன்னொரு யோசனை ஏற்காடு. காரே ஏறாத பிள்ளைக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளை முதல் பயணமாக வைக்காதீர்கள். டவுனுக்குள் ஐந்து ரோடுவரை நாலைந்து தடவை போய்வந்த பிறகு பார்க்கலாம். பிள்ளைக்கான கார் சீட் எடுத்துப் போவதாக இருந்தால், டாக்ஸி பேசும்போதே பின்சீட் பெல்ட் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். பல வண்டிகளில் பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். கவரைத் தூக்கி எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும், கிளம்பும் காலையில் அதற்கு நேரம் இருக்காது. பால் குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். வளைவுகளில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தச் சொல்லி, காது அடைக்காமல் இருக்க அங்கே ஒரு வாய் தண்ணீரோ பாலோ கொடுங்கள். ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்குப் பால் மட்டும்.