எஸ்எஸ்டிக்கு மாற்றித் தந்தார்கள். பூட் ஃபைல்களைப் பழைய டிஸ்க்கிலேயே விட்டுவிட்டார்கள்

தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே, எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகள் சிலவற்றுக்கு டேலி கணக்கும் ஜிஎஸ்டி ரிட்டனும் பார்த்துத் தருபவன் நான். கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான டிரைவ்) போட நினைப்பவர்களும், ஏற்கெனவே போட்டுவிட்டுப் பழைய ஹார்டு டிஸ்க்கையும் உள்ளேயே வைத்திருப்பவர்களும் எனக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். கடையின் பெயர் இங்கே தேவையில்லை.

2019-இல் வாங்கிய டெஸ்க்டாப் அது. 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஓடியது. ஆன் செய்துவிட்டுக் காபி குடித்து வந்தாலும் டேலி திறந்திருக்காது. சென்ற ஆண்டு ஜூன் மாதம், டி.எச். ரோட்டை ஒட்டிய சந்தில் உள்ள ஒரு கடையில் 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி, விண்டோஸ் முழுவதும் புது டிரைவுக்கு வந்துவிட வேண்டும் என்றும், பழைய டிஸ்க் ஃபைல் வைக்க மட்டும் இருந்தால் போதும் என்றும் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தேன். டிரைவின் விலை போக, மாற்றும் கூலி 1,200 ரூபாய். மறுநாள் மாலை கடையிலேயே ஆன் செய்து காட்டினார்கள்; கண்மூடித் திறப்பதற்குள் திரை வந்ததைப் பார்த்து மகிழ்ந்து பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 18 காலை, கேபினெட்டுக்குள் ‘டக், டக்’ என்று பழைய டிஸ்க் தட்டும் சத்தம் கேட்டது. அடுத்து, பூட் செய்ய, அதாவது விண்டோஸைத் தொடங்க, சரியான டிவைஸைத் தேர்ந்தெடுக்கும்படி கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து அப்படியே நின்றுவிட்டது. 20-ஆம் தேதிக்குள் மூன்று கடைகளுக்கு 3பி என்ற மாத ஜிஎஸ்டி ரிட்டன் தாக்கல் செய்தாக வேண்டும்; தவறினால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும், அதைவிட வாடிக்கையாளர் முகத்தில் விழிக்க முடியாது. ஆட்டோவில் கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “எஸ்எஸ்டி செத்துப்போச்சு சார், வேற போடணும், டேட்டா எடுக்க மட்டும் நாலாயிரம் ஆகும்” என்றார்கள். அவர்கள் திறந்து வைத்திருந்த பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டின் செட்டிங்) திரையில் அந்த எஸ்எஸ்டியின் பெயரும் கொள்ளளவும் பளிச்சென்று தெரிந்தன. செத்துப்போன டிரைவ் பட்டியலில் எப்படி வரும் என்று கேட்டதற்கு, “பேரு காட்டும் சார், வேலை செய்யாது” என்று பதில் வந்தது. அப்படியும் நடப்பதுண்டு என்பது உண்மைதான். ஆனால் அதைச் சோதித்துப் பார்த்துச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

கம்ப்யூட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, என் பழைய அலுவலக நண்பரின் மகனிடம் கொடுத்தேன். கல்லூரியில் படிக்கும் பையன். எஸ்எஸ்டியைக் கழற்றி, யுஎஸ்பி கேபிள் வழியாகத் தன் லேப்டாப்பில் இணைத்து, டிஸ்க்குகளின் பகுதிகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தான். டேலி ஃபோல்டர் உட்பட எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் அந்த டிரைவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே நீலப் பட்டையாக சி டிரைவ் மட்டுமே இருந்தது. “அங்கிள், இதுக்கு முன்னாடி சின்னதா ஒரு கட்டம் இருக்கணும், அதைக் காணோம்” என்றான்.

அந்தச் சின்னக் கட்டம்தான் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்; பூட் ஃபைல்களுக்காக டிஸ்க்கில் தனியே பிரித்த பகுதி. பெரும்பாலும் 100 எம்பி அளவில், ஃபேட்32 என்ற ஃபைல் முறையில் இருக்கும். டிரைவ் எழுத்து கிடையாது என்பதால் மை கம்ப்யூட்டரில் கண்ணில் படாது. ஆன் செய்ததும் மதர்போர்டு முதலில் தேடிப் போவது அதைத்தான்; விண்டோஸ் எந்த டிரைவில் இருக்கிறது என்ற குறிப்பு அதற்குள் இருக்கிறது. கடைக்காரர் சி டிரைவை மட்டும் எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துவிட்டு, குறிப்பைப் பழைய டிஸ்க்கில் இருந்த கட்டத்திலேயே திருத்தி எழுதியிருக்கிறார். ஆக, ஐந்து மாதமும் வீடு புது டிரைவில், சாவி பழைய டிஸ்க்கில். அந்த டிஸ்க் செத்ததும் சாவியும் போய்விட்டது. (சின்னக் கட்டத்தை ‘சிஸ்டம்’ என்றும், விண்டோஸ் உள்ள பெரிய கட்டத்தை ‘பூட்’ என்றும் விண்டோஸே தலைகீழாகப் பெயரிட்டிருப்பதால், பார்ப்பவருக்கு ஏமாறுவது இன்னும் எளிது.)

பையன் பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளைப் பிடுங்கி ஓரமாக வைத்தான். விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவில் பூட் செய்து, சி டிரைவின் ஓரத்தில் 300 எம்பி சுருக்கி, அந்த இடத்தில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கி, பிசிடிபூட் என்ற கட்டளையால் பூட் ஃபைல்களை அதில் எழுதினான். அரை மணி நேரம் ஆகவில்லை. 19-ஆம் தேதி இரவு மூன்று ரிட்டனும் போய்ச் சேர்ந்தன. பழைய டிஸ்க்கில் இருந்த ஸ்கேன் செய்த பில்கள் சில போனவை போனவைதான்.

இந்த வேலையைக் கடையில் கொடுப்பவர்கள், பணம் கொடுக்கும் முன், கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டிஸ்க்கின் கேபிளை உங்கள் கண்ணெதிரே கழற்றச் சொல்லி, ஒருமுறை பூட் செய்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை, மறுத்தால் சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே செய்துகொண்டவர்கள், பழைய டிஸ்க் உயிரோடிருக்கும்போதே டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்தக் கட்டம் எந்த டிஸ்க்கின் வரிசையில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால், இதில் கைவைக்கும் முன் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நடந்தது சோம்பல் என்று விட்டுவிடலாம். நல்ல டிரைவைச் செத்துப்போனது என்று சொல்லி இன்னொன்றை விற்கப் பார்த்ததைத்தான் என்னால் விட முடியவில்லை. கூலியையாவது திருப்பிக் கேட்கப் போனபோது, “அஞ்சு மாசம் ஓடுச்சு இல்ல சார்?” என்றார் கடைக்காரர். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்து பில்லைத் தேடி எடுத்தேன். ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு அது. கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. ஊருக்கெல்லாம் ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறவன் அதை வாங்கி, நான்காக மடித்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன்.