டூலிங் 61-ஆ, மெக்காய் 60-ஆ?

டெதர் கார் என்பது கம்பியில் கட்டி வட்டமாக ஓடவிடும் எஞ்சின் வைத்த குட்டி மாடல் கார். அதற்கு 1940-களின் கலிபோர்னியாதான் பொற்காலம். 70 அடி விட்டத்தில் ஒரு தடம், நடுவில் தூண். 24 சுற்று ஓடினால் ஒரு மைல். பந்தயக் காரில் கிளட்ச் கிடையாது; நீளமான கோலால் தள்ளிவிட்டுத்தான் எஞ்சினைக் கிளப்புவார்கள்.

அந்தக் கால எஞ்சின் ஒன்று வாங்க ஆசைப்படுபவரின் முன்னால் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும். லாஸ் ஏஞ்சலஸ் டூலிங் சகோதரர்களின் 61, டிக் மெக்காயின் 60 (சிலிண்டர் மூடி சிவப்பு என்பதால் ‘சிவப்புத் தலை’). ஃப்ரெஸ்னோ நகரின் ஹார்னெட் எஞ்சினும் உண்டு. அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

61, 60 என்று பெயர் வைத்தாலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே 10 சிசிதான். வேறுபாடு சிலிண்டரின் வாகில் இருக்கிறது. மெக்காய் சிலிண்டரின் விட்டம் சுமார் 23.9 மி.மீ.; பிஸ்டன் 22.2 மி.மீ. ஏறி இறங்கும். டூலிங்கில் விட்டம் 25.8, ஏற்றம் 19 மட்டுமே. நிமிடத்துக்கு 15,000 சுற்றில் மெக்காய் பிஸ்டன் நொடிக்கு சராசரியாக 11 மீட்டர் ஓடியாக வேண்டும், டூலிங்குக்கு 9.5 போதும். அகலமான சிலிண்டரில் வாயு போய்வரும் துளைகளுக்கும் இடம் தாராளம். வேகம்தான் கணக்கு என்றால் டூலிங், பேச்சே இல்லை.

சரி, பந்தயம் ஓட்டப்போவதில்லை, வீட்டில் வைத்து அவ்வப்போது முழங்கவிட்டால் போதும் என்றால்? நான் மெக்காய் பக்கம். அதிலும் ஸ்பார்க் பிளக்கில் ஓடுவதாகப் பார்த்து எடுப்பேன். 1947-இல் ரே ஆர்டனின் குளோ பிளக் வந்ததும் காயில், கண்டென்சர், பேட்டரி என்று காரில் சுமந்த பாரமெல்லாம் தேவையற்றுப் போனது. அதில் பொறி கிடையாது; ஓடும்போது மெத்தனால் எரிபொருளில் பிளக்கின் கம்பிச்சுருள் தானே கனன்றுகொண்டிருந்து பற்றவைக்கும். எடை குறைந்தது உண்மைதான். ஆனால் பொறி விழும் நேரத்தைக் கையால் முன்பின் நகர்த்தும் வசதி போய்விட்டது. கிளப்பும்போது பொறியைச் சற்றுப் பின்தள்ளி வைத்துவிட்டு, ஓட ஆரம்பித்ததும் மெல்ல முன்னே கொண்டுவரும் சுகம் குளோ பிளக்கில் ஏது? பழைய எஞ்சின்கள் பலவற்றில், பொறி விழும் நேரத்தை அமைக்கும் டைமரைக் கழற்றி வீசியிருப்பார்கள். வாங்கும்போது முதலில் அதைத் தேடுங்கள்.

அப்புறம், எதை வாங்கினாலும் வந்த சூட்டோடு சுழற்றிவிடாதீர்கள். மசகுக்காகச் சேர்த்த பழைய விளக்கெண்ணெய் உள்ளே கோந்துபோல் இறுகியிருக்கும். மிதமாகச் சூடுகாட்டி, அது இளகிய பிறகு விரலால் மெதுவாகத் திருப்புங்கள்.