ஸ்லிக்ராக்கில் ஏழு வருடம்: பெயரில் மட்டும் வழுக்கும் பாறை

மோவாப் போய் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது "பிரேக் பேட் எப்போ மாத்தினீங்க?" என்பதுதான். எங்கே நின்று படம் எடுக்கலாம் என்பதெல்லாம் அப்புறம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியிலிருந்து தென்கிழக்கே காரில் நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கிற சின்ன ஊர் மோவாப். ஊரை ஒட்டிய மேட்டில் சாண்ட் ஃபிளாட்ஸ் என்ற பொது நிலம். அதற்குள் இருக்கும் சுற்றுப்பாதைதான் ஸ்லிக்ராக் டிரெயில். நீளம் சுமார் 10 மைல், 16 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018 அக்டோபரிலிருந்து இதுவரை பதினான்கு முறை அதில் இறங்கியிருக்கிறேன். பதினொரு முறை முழுச் சுற்று. மூன்று முறை பாதியில் திரும்பினேன். இந்தப் பாதையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அந்த மூன்று முறையில் கற்றதுதான்.

முதல் முறை வாடகை சைக்கிள். கூட வந்த மதுரைக்கார நண்பன், "பத்து மைல்தானடா, காலை டிபனுக்கு முன்னாடி முடிச்சிடலாம்" என்றான். நானும் நம்பினேன். ஊரில் தார் ரோட்டில் 16 கிலோமீட்டர் என்றால் முக்கால் மணி நேரம். இங்கே அந்தக் கணக்கு எடுபடாது. பாறை முழுக்கக் குமிழ் குமிழாக ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு ஏற்றமும் இருபது, முப்பது மீட்டர்தான் இருக்கும். ஆனால் மாடிப்படியில் சைக்கிளை மிதிப்பது மாதிரி செங்குத்து. உச்சியில் மூச்சு வாங்க ஓர் அடி சமதளம், உடனே அதே அளவு இறக்கம். எனக்குக் கிடைத்த சைக்கிளில் பின் பேட் தேய்ந்து தகடு தெரிந்தது. கடையில் பார்த்துக் கொடுத்திருப்பார்கள் என்று நான் பார்க்கவில்லை, தப்பு என்னுடையதும்தான். தொடக்கத்தில் பழகிப் பார்க்க என்றே ஒரு குட்டிச் சுற்று வைத்திருக்கிறார்கள். அதை முடிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது, கையிலிருந்த ஒன்றரை லிட்டர் தண்ணீரும் தீர்ந்தது. திரும்பிவிட்டோம். பழகும் சுற்று எளிது என்று நினைக்காதீர்கள். தூரம் குறைவு, அவ்வளவுதான். மற்றபடி பெரிய சுற்றும் அதே மாதிரிதான் இருக்கும்.

இந்தப் பாதையைச் சைக்கிள்காரர்கள் போடவில்லை. 1969-ல் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்காகக் குறித்தார்கள். மலைச் சைக்கிள்கள் எண்பதுகளில்தான் வந்தன. 1950-களில் யுரேனியம் தோண்டிச் செழித்து, பிறகு சுரங்கத் தொழில் படுத்ததும் தவித்த ஊருக்குச் சைக்கிள்காரர்கள் ஒரு புதுப் பிழைப்பு ஆனார்கள். இன்றும் மோட்டார் சைக்கிள்கள் வரலாம். அதனால் மின்சார சைக்கிளுக்கும் தடையில்லை. என் மதுரை நண்பன் இப்போது அதில்தான் வருகிறான். ஏற்றத்தில் என்னைத் தாண்டிப் போய் உச்சியில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டிருப்பான். சாக்லேட் தடவிய எனர்ஜி பார்கள் அந்த வெயிலில் உருகிக் கூழாகிவிடும், கடலைமிட்டாய் அசையாது. இதை ஒரு கருவிப் பரிந்துரையாகவே சொல்கிறேன்.

சரி, பாறை. ஸ்லிக்ராக் என்றால் வழுக்குப்பாறை. லாடம் அடித்த குதிரைகளுக்கு வழுக்கியதால் அந்தக் காலத்தில் வைத்த பெயர். இரும்புக்கு வழுக்கியதே தவிர ரப்பருக்கு இல்லை. இது நவாஹோ மணற்கல். ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கிடந்த மணல் மேடுகள் அப்படியே இறுகிக் கல்லானது. உட்கார்ந்து கிட்டத்தில் பார்த்தால் காற்று மணலைச் சரித்த வரிகள்கூடத் தெரியும். அந்த மணல் துகள்கள்தான் டயரைப் பிடிக்கின்றன. அப்போதுதான் கொத்திய அம்மி மாதிரி இருக்கும் மேற்பரப்பு. இவ்வளவு செங்குத்தில் டயர் நிற்கவே நிற்காது என்று கண் சொல்லும், ஆனால் நிற்கும். மூளை அதை நம்ப எனக்கு நாலு பயணம் ஆனது. முதல் வருடங்களில் நான் இறங்கித் தள்ளிய ஏற்றங்களில் பெரும்பாலானவற்றில் டயர் கைவிடவில்லை, நான்தான் மிதிப்பதை நிறுத்தினேன். சீட்டின் முனைக்கு வந்து உட்கார்ந்து, மார்பைக் கைப்பிடிப் பக்கம் தாழ்த்தி, மெதுவான கியரில் ஒரே சீராக மிதித்தால் போதும். எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரத்தில் எடை குறைந்து, அது பிடிப்பில்லாமல் சுழலும்.

உண்மையில் வழுக்குவது பாறைகளுக்கு நடுவே தேங்கிக் கிடக்கும் மணல். இறக்கத்தின் முடிவில், வேகமாக வரும்போது, திடீரென்று ஒரு மணல் குழி. முன் சக்கரம் புதைந்தால் ஆள் கைப்பிடிக்கு மேலே பறக்க வேண்டியதுதான். எடையைப் பின்னால் தள்ளி, முன் பிரேக்கை விட்டுவிட்டு, நேராகப் போய்விட வேண்டும்.

இரண்டாவது முறை திரும்பியது 2021-ல், மழையால். முந்தின நாள் மதியம் இடியுடன் கொட்டியிருந்தது. காலையில் வானம் தெளிவு, பாறையும் காய்ந்தது போலத்தான் இருந்தது. ஆனால் பள்ளங்களில் ஈரமும் அதன் மேல் மணல் பூச்சும். அன்று மட்டும் பெயர் பொருத்தமாக இருந்தது. ஈர மணற்கல்லுக்கு வலுவும் குறைவு, ஓரங்கள் உடையும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மதிய இடிமழைக் காலம். மொட்டைப் பாறையில் மின்னலுக்கு ஒதுங்க இடமே கிடையாது. கோடையில் வெயில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். நான் போவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் மட்டும். அப்போதும் மூன்று லிட்டர் தண்ணீர், விடிந்ததும் கிளம்புவது. பாதையில் எங்கும் தண்ணீர் கிடையாது. பாறைக் குழிகளில் தேங்கியது உங்களுக்கானது அல்ல. அதில் குட்டி இறால் வகை உயிர்கள் வாழ்கின்றன. அவற்றின் முட்டைகள் வருடக்கணக்கில் காய்ந்து கிடந்து மழைக்குப் பொரிப்பவை. சக்கரத்தையோ காலையோ அதில் விடாதீர்கள். அதே போல, பாறை இடுக்கில் கறுப்பாக, பொருக்குத் தட்டினாற்போல் தெரியும் மண்ணும் உயிருள்ளது. ஒரு மிதி பட்டால் மீளப் பல பத்தாண்டு ஆகும். பாறை மேல் வெள்ளைக் கோடுகள் வரைந்திருக்கிறார்கள், அதை விட்டு விலகாதீர்கள். விலகினால் சில இடங்களில் நேரே கிராண்ட்ஸ்டாஃப் பள்ளத்தாக்கின் விளிம்புதான்.

காட்சியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். ஓட்டும்போது எதுவும் தெரியாது; கண் முழுக்க அந்த வெள்ளைக் கோட்டில் இருக்கும். நின்றால்தான் காட்சி. கிழக்கே லா சால் மலைகள், ஏப்ரலில் பனி மூடி. அவற்றில் உயரமானது 3,877 மீட்டர். இந்தப் பக்கம் கீழே கொலராடோ ஆறு, அதற்கு அப்பால் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் சிவப்புச் சுவர்கள். படங்களில் காணும் அந்தக் குங்குமச் சிவப்பு காலையிலும் மாலையிலும் மட்டும்தான். உச்சி வெயிலில் வெளுத்த செங்கல் நிறம். நண்பகலில் போய்விட்டு ஏமாற்றமாக இருந்தது என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

2020 தொடக்கத்தில் எண்ணெய், எரிவாயுக் குத்தகைக்கு முன்மொழிந்த நிலங்களில் இந்தப் பாதைக்குக் கீழிருக்கும் பகுதியும் இருந்தது. உள்ளூரிலிருந்து மாநில ஆளுநர் வரை எதிர்த்த பிறகு அந்தத் துண்டுகளைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அந்த வசந்தத்தில் கொரோனாவால் மோவாப் வெளியூர்க்காரர்களுக்கு விடுதிகளை மூடிவிட, நான் வீட்டில் உட்கார்ந்து சங்கிலிக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தேன்.

சங்கிலி என்றதும் ஞாபகம் வருகிறது. எண்ணெய் போட்டுக்கொண்டு போனால் மணல் ஒட்டி முதல் மணி நேரத்திலேயே அரைக்கும் சத்தம் வரும். மெழுகுக்கு மாறியபின் ஒரு சங்கிலி இரண்டு பருவம் தாங்குகிறது. பிரேக் பேட் முதலில் ரெசின் வகை போட்டேன், மூன்று பயணத்தில் தேய்ந்தது. மெட்டல் பேட் சத்தம் போடும், ஆனால் அதைப் போல் இரண்டு மடங்கு உழைக்கிறது. டயர் காற்று என் 74 கிலோவுக்கு முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ. பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தை 32 பல்லிலிருந்து 30-க்கு இறக்கியதுதான் நான் செய்ததிலேயே மலிவான, பயனுள்ள மாற்றம். விரலால் அழுத்தினால் சீட் தாழும் டிராப்பர் போஸ்ட் இல்லாமல் இங்கே வராதீர்கள். செங்குத்து இறக்கத்தில் உயர்ந்த சீட் பின்னாலிருந்து தள்ளும். 2022-ல் முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள பழைய சைக்கிளை விற்று, முன்னும் பின்னும் 140 மில்லிமீட்டர் அமுங்கும் சஸ்பென்ஷன் உள்ளதை வாங்கினேன். முதுகுக்கு நல்லது. ஏற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அவ்வளவு செலவு தேவையா என்று கேட்டால், நாற்பது தாண்டியவர்களுக்கு ஆம் என்பேன்.

மூன்றாவது முறை திரும்பியது 2023-ல். கார் நிறுத்துமிட ஓரத்துப் புல்லில் சைக்கிளைச் சாய்த்து வைத்தது தப்பு. இரண்டு டயரிலும் முள். பிடுங்கிப் பார்த்தால், நம்ம ஊர் நெருஞ்சி! இங்கே ஆட்டுத்தலை முள் என்கிறார்கள், செடி அதேதான். சின்ன வயதில் வெறுங்காலில் ஏறியதை இத்தனை ஆயிரம் மைல் தாண்டியும் அடையாளம் தெரிந்தது. ட்யூப்லெஸ் டயர் என்று தைரியமாகக் கிளம்பினேன். மூன்று மைலில் காற்று இறங்கியது. உள்ளே ஊற்றியிருந்த சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம், பாலைவனக் காற்றில் எப்போதோ காய்ந்து தோலாகிவிட்டிருந்தது. தள்ளிக்கொண்டு வரும்போது பாறையில் கால் இடறி விழுந்தேன். ஏழு வருடத்தில் முழங்கைத் தோல் போனது ஓட்டும்போது அல்ல, நடக்கும்போது.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சீலன்ட் ஊற்றுகிறேன். பின் டயரின் நடுவரிசைப் பற்கள் பாதி தேய்ந்துவிட்டன. வரும் அக்டோபரில் ஒரு சுற்று தாங்கும் என்று நினைக்கிறேன். பேட் மட்டும் புதிதாக வாங்கி மேசை மேல் வைத்திருக்கிறேன்.